புதுக்கறி என்றால் பச்சையாகச் சாப்பிடலாமா?

நேயர்களுக்கு வணக்கம். கோழிக்கறியைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடலாமா என்று கேட்பவர்கள், கேள்வியோடு ஒரு சமாதானத்தையும் கையில் வைத்திருப்பார்கள். “இப்போதுதான் அறுத்தது, புதுக்கறி.” அந்தச் சமாதானத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கறி கெட்டுப்போவது வேறு, கறியில் நோய்க்கிருமி இருப்பது வேறு. கெட்ட கறி நாறும், பிசுபிசுக்கும், மூக்கே எச்சரித்துவிடும். கேம்பைலோபாக்டர், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருந்தால் வாடையும் வராது, நிறமும் மாறாது. கோழி உயிரோடு இருக்கும்போதே அதன் குடலில் குடியிருப்பவை இவை. கோழியின் உடல்சூடு ஏறக்குறைய 42 டிகிரி செல்சியஸ். கேம்பைலோபாக்டர் செழித்து வளர்வதும் அந்தச் சூட்டில்தான். கோழிக்கோ பெரும்பாலும் ஒரு கோளாறும் தெரியாது, துறுதுறுவென்று திரியும். அறுத்து, இறகு பறித்து, குடலை எடுக்கும்போது குடலில் இருந்தது தோலிலும் சதையிலும் ஒட்டிக்கொள்கிறது. ஐந்து நிமிடத்துக்கு முன் அறுத்ததாகவே இருக்கட்டும், அதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. உறைய வைத்தால் கேம்பைலோபாக்டரின் எண்ணிக்கை ஓரளவு குறையும், முழுவதும் சாகாது. அந்த வகையில் பார்த்தால், நாம் நம்பிக் கொண்டாடும் புதுக்கறியில்தான் அது கூடுதலாக இருக்க வாய்ப்பு. சில நூறு கிருமிகள் உள்ளே போனாலே நோய் வரலாம். கறியிலிருந்து வடியும் ஒரு சொட்டு நீரில் அவ்வளவும் இருக்கக்கூடும்.

மேலாக வாட்டினால் போதாதா? போதாது. ஈரலின் உட்பகுதியிலும் கேம்பைலோபாக்டர் இருக்கலாம். வெளியே சிவக்க வறுத்து, உள்ளே இளஞ்சிவப்பாக விட்ட ஈரலால் பலர் நோயுற்றிருக்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றிலும் வினிகரிலும் ஊறவைப்பது ருசிக்கு நல்லது, அவ்வளவுதான். குழாயடியில் கழுவுவது அதைவிட மோசம். தெறிக்கும் நீர் கிருமியைத் தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் பரப்பும். பச்சைக் கறி நறுக்கிய பலகையில் அப்படியே வெள்ளரிக்காய் நறுக்குவதும் பச்சைக் கறி தின்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கிருமியைக் கொல்வது சூடு. கறியின் தடித்த பகுதியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். நிறத்தை நம்ப முடியாது. வெந்த கறி எலும்போரம் சிவந்திருப்பதும் உண்டு, வேகாத கறி வெளுத்திருப்பதும் உண்டு. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

கேம்பைலோபாக்டர் தொற்றினால் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரும்; சிலருக்கு ரத்தமும் போகும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். மிக அரிதாக, சில வாரம் கழித்து கில்லன்-பாரே சிண்ட்ரோம் என்ற நரம்புக் கோளாறு வந்து கைகால்கள் செயலிழக்கின்றன. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு இத்தகைய உணவுத் தொற்றுகள் கடுமையாகலாம்.

தொற்று தெரிய பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். அதற்குள் தின்ற கோழி மறந்துபோகும். பழி நேற்று இரவு சாப்பிட்ட ஏதோ ஒன்றின் மேல் விழும். ஆகவே மலத்தில் ரத்தமோ கடுங்காய்ச்சலோ கண்டு மருத்துவரிடம் போனால், கடந்த ஒரு வாரத்தில் சாப்பிட்டதையெல்லாம் யோசித்துச் சொல்லுங்கள். வணக்கம்.