ஊறிப் பெருக்கும் பொடி, உப்பைக் கண்டதும் சுருங்குவது ஏன்?

[காட்சி: வெள்ளைத் தாளில் ஒரு கிராம் பொடி, பக்கத்தில் அளவு உருளை]

இந்தப் பொடி ஒரே ஒரு கிராம்தான். தண்ணீர் ஊற்றி மூன்று நாள் விட்டால் 30, 40 மில்லி இடத்தை அடைத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க ஊறும் கொண்டைக்கடலைகூட இரண்டு, இரண்டரை மடங்குதான் பெருக்கும்!

வணக்கம் நண்பர்களே. இதன் பெயர் செஃபடெக்ஸ் ஜி-200. புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் குட்டிக் குட்டி மணிகள். ஸ்வீடனின் உப்சாலாவில் போராத், ஃப்ளோடின் என்ற இருவர் 1959-ல் இந்த முறையை வெளியிட்டார்கள். வரலாறு அவ்வளவு போதும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. இந்த மணிகள் டெக்ஸ்ட்ரான் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனவை. சர்க்கரையிலிருந்து டெக்ஸ்ட்ரானைச் செய்து தருவது லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா. நம் வீட்டு இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அதே இனம்தான்! இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து மாவுப் பாத்திரத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஆய்வுக்கூடம்தான் ஞாபகம் வருகிறது.

சரி, ஏன் உப்புகிறது? டெக்ஸ்ட்ரான் இழைகளை அங்கங்கே முடிச்சுப் போட்ட வலைதான் ஒவ்வொரு மணியும். சவ்வூடு அழுத்தம், அதாவது கரைந்த பொருள் அதிகம் உள்ள பக்கம் தண்ணீர் போகப் பார்க்கும் இயல்பு, தண்ணீரை உள்ளே இழுக்கிறது. வலை விரிய விரிய இழைகள் விறைத்து எதிர்த்து இழுக்கின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் மணி நிற்கும். முடிச்சு அதிகம் உள்ள ஜி-25, கிராமுக்கு 2.5 மில்லி தண்ணீர்தான் குடிக்கும். முடிச்சு குறைந்த ஜி-200 குடிப்பது 20 மில்லி. பத்தால் பெருக்கிப் பாருங்கள், பெயரில் உள்ள எண் வந்துவிடும்.

[காட்சி: கண்ணாடிக் குழாய், மேலிருந்து சொட்டும் உப்புக் கரைசல்]

இப்போதுதான் விஷயமே. இதே வகை மணிகளின் இழைகளில் டி.ஈ.ஏ.ஈ என்ற நேர்மின் தொகுதிகளைக் கட்டிவிட்டால் அது டி.ஈ.ஏ.ஈ-செஃபடெக்ஸ். அதில் ஏ-50 என்ற ரகத்தை உப்பு குறைந்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில்) குழாய் நிறைய அடைத்துவிட்டு, உப்பை ஏற்றிக்கொண்டே போனால் ஜெல் மட்டம் கண்ணெதிரே இறங்கும். நான் முதன்முதலில் பார்த்தபோது குழாய் ஒழுகுகிறது என்று நினைத்துக் கீழே தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை!

மாவடுவில் உப்பைப் போட்டால் மறுநாள் தோல் சுருங்கித் தண்ணீர் விட்டுக்கொள்ளுமே, அதுபோலத்தான். ஆனால் ஒரு வித்தியாசம். மாவடுவின் செல்களுக்குள் உப்பு சட்டென்று நுழைய முடியாது, தண்ணீர்தான் வெளியே வரும். ஜெல் மணிக்குள் உப்பு தாராளமாகப் போய் வரலாம். பிறகு ஏன் சுருங்குகிறது?

இழையில் கட்டிய நேர்மின் தொகுதி நகராது. அதை ஈடுகட்டும் குளோரைடு அயனியும், வேறொரு எதிர்மின் அயனி அதன் இடத்துக்கு வராமல், அதை விட்டுப் போக முடியாது. அதனால் மணிக்குள் எப்போதும் அயனிக் கூட்டம், வெளியே ஆள் குறைவு. அந்த வித்தியாசம்தான் தண்ணீரை இழுக்கிறது. வெளியிலும் உப்பு நிறைந்துவிட்டால் வித்தியாசம் குறையும், இழுக்கும் பலமும் குறையும், விறைத்த இழைகள் மணியைச் சுருட்டிவிடும்.

இதனால்தான் ஏ-50-ஐக் குழாயிலேயே வைத்துக் கழுவிப் புதுப்பிக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வேன். உப்பை நீக்கியதும் மணிகள் மறுபடி உப்பி, ஒன்றையொன்று நெருக்கிக் குழாயை அடைத்துவிடும். வெளியே எடுத்துக் கழுவி, திரும்ப அடையுங்கள். காந்தக் கலக்கி வேண்டாம், மணிகள் நொறுங்கிவிடும்.

அப்புறம், காய்ந்துபோன அயனிப் பரிமாற்ற ரெசின் (இதேபோல மின்தொகுதிகள் கட்டிய பிளாஸ்டிக் மணிகள்) வைத்திருப்பவர்கள் நேரே தண்ணீரில் போடாதீர்கள். மணிகள் சடாரென்று உப்பி விரிசல் விட்டு உடையும். முதலில் கெட்டியான உப்புக் கரைசலில் ஊறவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்க வைக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமா? புது டயப்பர் ஒன்றைக் கிழித்து, உள்ளே இருக்கும் பொடியைக் கிண்ணத்தில் தட்டி, தண்ணீர் ஊற்றுங்கள். ஜெல்லி மாதிரி கெட்டியானதும் ஒரு ஸ்பூன் உப்பு தூவிக் கிளறுங்கள். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் செய்யுங்கள்; விழுங்கினால் ஆபத்து. ஜெல்லி எவ்வளவு நேரத்தில் கஞ்சியாக இளகியது என்று கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.