ஆடிப் பட்டமும் எசன்டன் அணியும்

(மெல்பர்னுக்கு வடக்கே கிரெய்கிபர்னில், நம்மவர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் தடுமாறிய இடங்களை எழுத்தில் சரிசெய்திருக்கிறேன். நீண்டுபோன இடங்களைச் சுருக்க மனம் வரவில்லை.)

அவைத் தலைவர் அவர்களே, நகராட்சி உறுப்பினர் அவர்களே, தமிழ்ப் பள்ளியின் தலைமை ஆசிரியை அவர்களே, பெரியவர்களே, பின்வரிசையில் கைபேசியில் மூழ்கியிருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த மண்ணின் மூத்த குடிகளான வுருண்ட்ஜெரி மக்களை முதலில் வணங்குகிறேன். இன்று நாம் பேசப்போவது ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து. 1859இல் மெல்பர்ன்காரர்கள் உட்கார்ந்து இந்த ஆட்டத்துக்கு விதி எழுதினார்கள். அதற்கு முன்பே இங்கிருந்த பூர்வகுடியினர் மார்ன்குரூக் என்று ஒரு பந்தாட்டம் ஆடினார்கள். அதிலிருந்து இது வந்ததா இல்லையா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சண்டை போடட்டும். மூத்தவர்களுக்கு வணக்கம் வைக்க அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தலைவர் அவர்கள் பல் மருத்துவர். என் வாய் எப்படிப்பட்டது என்று என் மனைவிக்கு அடுத்தபடியாக அறிந்தவர். அப்படியிருந்தும் ஒலிபெருக்கியைக் கொடுத்திருக்கிறார் என்றால் அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டத்தான் வேண்டும். நகராட்சி உறுப்பினர் இன்று மாலை இது மூன்றாவது கூட்டம் என்று சொன்னார். கொட்டாவியை அடக்கிக்கொண்டு சிரிக்கிறார், அவருக்கும் நன்றி. சுண்டல் செய்து கொண்டுவந்திருக்கும் சகோதரிகளுக்குத் தனி நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பகுதி ஃபுட்டி கிளப்பின் தலைவர் வந்திருக்கிறார். ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாமல் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருக்கும் தம்பி அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார். தம்பி, எசன்டனைத் திட்டும் இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் இருமிக்கொள். ஏ.எஃப்.எல். என்கிற பெரிய ஃபுட்டி போட்டியில் ஆடும் எசன்டன் அணிக்கு அவர் ரசிகர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். “எசன்டன் இந்த வருடம் தேறுமா?” என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று பகுதியாகப் பேசலாம் என்று நினைத்தேன். ஒன்று, அணியின் வாய்ப்பு. இரண்டு, ஆட்ட உத்தி. மூன்று, 2026இல் வந்த புதிய விதிகள்.

பிப்ரவரி மாதம் மெல்பர்னில் யாரைப் பார்த்தாலும் அவரவர் அணிக்குத்தான் கோப்பை. ரயிலில், அலுவலகச் சமையலறையில், முடிதிருத்தும் கடையில் இதே பேச்சு. அக்டோபரில் ஆட்களை மாற்றிக்கொள்ளும் வியாபாரம் முடிந்தது. நவம்பரில் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. கோடை முழுக்க பயிற்சி. இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் யார் முதலில் வந்தான், யார் உடம்பை ஏற்றியிருக்கிறான், யாருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது என்றெல்லாம் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது பாருங்கள், நம் ஊரில் பெண் பார்க்கப் போகும்போதுகூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த பழமொழி உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆடிப் பட்டம் தேடி விதை. இங்கே நம் ஆடி மாதம் நடுக்குளிரில் வரும், அதை விடுங்கள். இந்த ஆட்டத்துக்கு ஆடிப் பட்டம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. இப்போது விதைத்ததைத்தான் இறுதிச்சுற்று நடக்கும் செப்டம்பரில் அறுக்க முடியும்.

ஆனால் விதைத்ததெல்லாம் விளைந்துவிடுமா என்றால், அங்கேதான் சிக்கல். முன்பெல்லாம் சீசனுக்கு முன்னால் ஒரு தனிக் கோப்பையே நடத்தினார்கள். 2005இல் அந்தக் கோப்பையைக் கார்ல்டன் வென்றது. அவர்களுடைய ரசிகர்கள் தரையில் நடக்கவில்லை. அதே ஆண்டு சீசன் முடிந்தபோது கார்ல்டன் கடைசி இடம்! 2007இல் மறுபடியும் அந்தக் கோப்பையை வென்றார்கள். பதினாறு அணிகளில் பதினைந்தாவதாக முடித்தார்கள். கார்ல்டன் ரசிகர்கள் இந்த அரங்கில் இருந்தால் மன்னிக்கவும், எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதே கோப்பையை எசன்டன் 1993இலும் 2000இலும் வென்று, அந்த இரண்டு ஆண்டும் பெரிய கோப்பையையும் தூக்கியது. 2000இல் ஆண்டு முழுக்க ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது. ஆகவே பயிற்சி ஆட்டத்தை வைத்து சத்தியம் செய்யாதீர்கள்.

போன ஆண்டின் பட்டியலை வைத்தும் செய்யாதீர்கள். ரிச்மண்ட் 2016இல் பதின்மூன்றாம் இடம். நிர்வாகத்தையே மாற்ற வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. மறு ஆண்டு இறுதி ஆட்டத்தில் அடிலெய்டை 48 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தி, 37 வருடங்களுக்குப் பிறகு கோப்பை. காலிங்வுட் 2021இல் பதினேழாம் இடம். 2023இல் கோப்பை, அதுவும் நான்கே புள்ளியில். கடைசியில் நிற்கும் அணிக்குப் புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு. எவ்வளவு பணம் இருந்தாலும் சம்பளத்துக்கு உச்சவரம்பு. இந்த ஏற்பாடு இருப்பதால் கீழே கிடப்பவன் என்றைக்கும் கீழேயே கிடக்க வேண்டியதில்லை.

எங்கள் எசன்டனைத் தவிர. தம்பி, இருமு.

2004இல் ஒரு இறுதிச்சுற்று ஆட்டத்தில் ஜெயித்தோம். அதோடு சரி. 2009, 2011, 2014, 2017, 2019, 2021 என்று போய்ப் போய், ஒவ்வொரு முறையும் முதல் ஆட்டத்திலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பினோம். நடுவில், வீரர்களுக்குத் தடைசெய்யப்பட்ட மருந்து ஏற்றிய அந்த ஊசி விவகாரம். 34 வீரர்களுக்குத் தடை. 2016இல் கடைசி இடம். 2004க்குப் பிறகு பிறந்த எசன்டன் பிள்ளைகள் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள், செப்டம்பர் வெற்றி எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே.

அப்புறம் ஏன் இன்னும் நம்புகிறோம்? எங்கள் பழைய பயிற்சியாளர் கெவின் ஷீடியால்தான். 1983 இறுதி ஆட்டத்தில் ஹாதோர்னிடம் 83 புள்ளியில் தோற்றார். ஒரு வருடம் அதையே மனதில் போட்டு உழப்பினார். 1984இல் அதே ஹாதோர்ன், அதே மைதானம். முக்கால் ஆட்டம் முடிந்தபோது 23 புள்ளி பின்னால். ஆட்களை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே மாற்றிப் போட்டார். கடைசிக் கால் பகுதியில் ஒன்பது கோல்! 24 புள்ளியில் ஜெயித்தோம். 1993இல் மீசை முளைக்காத பையன்களை வைத்துக்கொண்டு கோப்பை வாங்கினார். விதைக்கிற நேரத்தில் விதைத்தவர் அவர். ஆடிப் பட்டம் தேடி விதை.

உத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பந்தை ஓரமாக நீளமாக அடித்து முன்னேறுவதா, நடுவழியாக வேகமாகக் கொண்டுபோவதா என்பதுதான் ரசிகர்களின் முதல் சண்டை. ஓரம் பாதுகாப்பு, பந்து போனாலும் கோட்டுக்கு வெளியேதான் போகும். நடுவில் போனால் கோலுக்கு நேர்வழி. ஆனால் பறிகொடுத்தால் அடுத்த நொடி உங்கள் கோலில் இருக்கும். இரண்டாவது சண்டை, முன்வரிசையில் எத்தனை உயரமானவர்கள் என்பது. 2017இல் ரிச்மண்டுக்கு உயரமானவர் என்று ஜாக் ரீவோல்ட் ஒருவர்தான். இதை வைத்துக்கொண்டு எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். சுற்றிலும் குள்ளமான, பிசாசு போல ஓடுகிற பையன்களை நிறுத்தினார் பயிற்சியாளர் ஹார்ட்விக். பந்தைப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, தரையில் விழட்டும், எதிராளி எடுத்தால் மூச்சுவிட விடாதே என்பதுதான் திட்டம். அதிலேயே கோப்பை வந்தது. 2019இலிருந்து ஒவ்வொரு முறை நடுவில் ஆட்டம் தொடங்கும்போதும் முன்னால் ஆறு, நடுவில் ஆறு, பின்னால் ஆறு என்று நிற்க வேண்டும் என்ற விதி வேறு வந்துவிட்டது. அதைப் பற்றி விரிவாகச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் என் மாமனார் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாமனார் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரம் பக்கம். எங்களோடு சில மாதம் இருக்கலாம் என்று வந்திருந்தார். டல்லமரீனில் எசன்டன் பயிற்சியைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று அறிவித்த ஒரு நாள், சரி வாருங்கள் மாமா என்று கூட்டிப்போனேன். வேலி ஓரம் சிவப்புக் கறுப்புக் கழுத்துப்பட்டையோடு பத்துப் பதினைந்து பேர். அத்தனை வெயிலில் கம்பளிப் பட்டை! யாரை முன்னால் போடுவது, யாரைப் பின்னால் போடுவது என்று வாக்குவாதம். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “மாப்பிள்ளை, நாலு கம்பம் நட்டிருக்கிறார்களே, எதற்கு?” நடுவில் இருக்கும் இரண்டு உயரமான கம்பத்துக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்துச் சின்னக் கம்பத்துக்கு இடையே போனால் ஒரு புள்ளி என்றேன். “அப்படியென்றால் குறி தவறினாலும் ஒரு மார்க்கா?” ஆமாம் மாமா. அவர் யோசித்தார். “எங்கள் கணக்கு வாத்தியார் இந்த ஊர்க்காரராக இருந்திருந்தால் நான் கலெக்டர் ஆகியிருப்பேன்.”

அவருக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. ஏப்ரலில் என் மகளின் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஆடும் ஞாயிற்றுக்கிழமை. கோல் நடுவராக நிற்க வேண்டிய முறை எனக்கு. பெற்றோர்தான் முறைவைத்து நிற்க வேண்டும். எனக்கு அன்று முதுகுப் பிடிப்பு. குனிந்தால் நிமிர முடியாது. அணி மேலாளர் அம்மா கவலையோடு பார்க்கிறார். மாமா நடுவில் புகுந்து, “என்ன வேலை?” என்றார். கோல் விழுந்தால் இரண்டு கொடி ஆட்ட வேண்டும், ஒரு புள்ளி என்றால் ஒரு கொடி என்றேன். மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “மாப்பிள்ளை, நான் ஆயுசு முழுக்க என்ன வேலை பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றார். விறைப்பு என்றால் அப்படி ஒரு விறைப்பு. எக்ஸ்பிரஸ் வரப்போகிறது என்றே நானும் நினைத்தேன். முதல் கோல் விழுந்தது. பெண்கள் குதிக்கிறார்கள், பெற்றோர் கத்துகிறார்கள், மாமா அசையவில்லை. கொடி கையில் அப்படியே இருக்கிறது. ஏன் தெரியுமா? மைதான நடுவர் “ஆல் கிளியர்” என்று சொன்ன பிறகுதான் கோல் நடுவர் கோலை அறிவிக்க வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன் சொல்லியிருந்தார்கள். நடுவராக வந்த பையன் சொல்ல மறந்துவிட்டான். மாமாவா விடுவார்? “லைன் கிளியர் வரட்டும்” என்கிறார், தமிழில், அந்தப் பையனைப் பார்த்து! அவன் என்னைப் பார்க்கிறான், நான் வானத்தைப் பார்க்கிறேன். கடைசியில் அவனுக்கே புரிந்து “ஆல் கிளியர்” என்றான். அதன் பிறகு இரண்டு கையையும் நீட்டி கோல் என்று காட்டி, கொடி இரண்டையும் எடுத்து ஆட்டினார் பாருங்கள், எதிர்முனையில் இருந்த கோல் நடுவர் தன் அட்டையில் குறிக்க மறந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பும்வரை எங்கள் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு அவர்தான் மாஸ்டர். இப்போதும் விழுப்புரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் கேட்கிறார்: “இன்றைக்கு யார் கொடி?”

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எசன்டனின் முன்வரிசையைப் பற்றி இந்த அரங்கில் நாற்பது கருத்து இருக்கிறது. நம் பகுதி கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை கொடி பிடிக்க ஆள் இல்லை. கோடு பார்க்க ஆள் இல்லை. தண்ணீர் கொண்டு ஓட ஆள் இல்லை. பெண்கள் அணிக்குப் பிள்ளைகளே போதவில்லை. நம் பெண் குழந்தைகள் எங்கே? சனிக்கிழமை பரதம், ஞாயிறு கணக்கு டியூஷன். நான் பரதத்துக்கு விரோதி இல்லை, தலைமை ஆசிரியை முறைக்க வேண்டாம். 2017 பிப்ரவரியில் பெண்களுக்கான ஏ.எஃப்.எல். முதல் ஆட்டம், கார்ல்டனுக்கும் காலிங்வுட்டுக்கும். பிரின்சஸ் பார்க்கில் 24,500 பேருக்கு மேல் வந்து, இடமில்லாமல் வாசலை மூடினார்கள். 2022இலிருந்து எசன்டனுக்கும் பெண்கள் அணி இருக்கிறது. ஆண்கள் அணி செப்டம்பரில் ஜெயிக்குமா என்று என்னைக் கேட்கிறீர்கள். பெண்கள் அணியின் ஆட்டத்துக்கு வின்டி ஹில் மைதானத்துக்குப் போனவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். நாலு கை. அதில் ஒன்று என் மகளுடையது.

“அடிபட்டுவிடும்” என்கிறார்கள் தாய்மார்கள். நியாயமான பயம். தலையில் அடி என்றால் இப்போது பிள்ளைகளை உடனே வெளியே எடுக்கிறார்கள். மருத்துவர் சொல்லாமல் திரும்ப விடுவதில்லை. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஆஸ்கிக் என்கிற தொடக்கப் பயிற்சி இருக்கிறது. அங்கே மோதிச் சாய்ப்பதே கிடையாது. பயந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் தொடங்குங்கள். ஜூலையில் வந்து இடம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். பதிவு இப்போதுதான் நடக்கிறது. ஆடிப் பட்டம் தேடி விதை!

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆட்டத்தைத் தொடங்க நடு மைதானத்தில் நடுவர் பந்தைத் தரையில் அடித்துத் துள்ளவிடும் வழக்கத்தை 2026இல் எடுத்துவிட்டார்களே, அது சரியா தவறா என்பதுதான் என் மூன்றாவது பகுதி. அதைச் சுண்டல் சாப்பிடும்போது தனியாகப் பேசுவோம். எனக்கு அதில் கோபம் அதிகம், ஒலிபெருக்கி தாங்காது.

வெளியே வாசலுக்கு இடப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறது. கிளப் தலைவர் பதிவுத் தாளோடு அங்கே வந்து உட்காருவார். பத்து முதல் பதினான்கு வயதுவரை பெண் பிள்ளைகள் வேண்டும். காலணி பழையது போதும், வாய்க்காப்பு மட்டும் புதிதாக வாங்குங்கள். அதற்கு நம் தலைவரே ஆலோசனை தருவார். பெரியவர்களுக்கு இன்னொரு தாள், கொடிக்கும் கோட்டுக்கும். பழைய ரயில்வேக்காரர்கள் இருந்தால் முதலில் வாருங்கள். நன்றி, வணக்கம்.