எரிந்தால் நல்லதா? சவரத்துக்கு முன்னும் பின்னும்

நேயர்களுக்கு வணக்கம்.

சவரம் முடிந்ததும் ஆஃப்டர் ஷேவ் லோஷனை உள்ளங்கையில் ஊற்றிக் கன்னத்தில் தட்டுகிறோம். சுரீரென்று எரிகிறது. எரிந்தால்தான் கிருமி சாகும், எரிந்தால்தான் சவரம் செய்த மாதிரி இருக்கும் என்று பலருக்கும் ஓர் எண்ணம். நான் இன்று பேச வந்ததே இந்த எரிச்சலைப் பற்றித்தான். மருந்து வேலை செய்வதால் அது எரியவில்லை. பிளேடு முடியோடு சேர்த்துத் தோலையும் சுரண்டியிருக்கிறது, அதனால் எரிகிறது.

தோலின் மேற்பரப்பில், ஓடு வேய்ந்தது போல, இறந்த செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பதும், வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதும் அந்தக் கூரைதான். பிளேடு முடியை வெட்டும்போது இந்த ஓடுகளிலும் சிலவற்றைச் சீவிக்கொண்டு போகிறது. கூரை பிரிந்த இடத்தில் ஆல்கஹால் பட்டால், வெப்பத்தை உணரும் நரம்பு முனைகள் தூண்டப்பட்டு, உடம்பின் சாதாரணச் சூடே நெருப்பாகத் தெரியும். அதன் பின் வரும் குளிர்ச்சி பெரும்பாலும் லோஷனில் கலந்திருக்கும் மென்தால் என்ற புதினாச் சத்தின் வேலை. குளிரை உணரும் நரம்பை அது தொடுகிறது, அவ்வளவுதான். காயம் ஆறுவதற்கும் அந்தக் குளிர்ச்சிக்கும் தொடர்பில்லை.

நம்முடையது போன்ற மாநிறத் தோலுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. எரிச்சலில் சிவந்த இடம் சீக்கிரமே ஆறிவிடும். ஆனால் திரும்பத் திரும்ப எரிச்சல் வந்த இடத்தில் நிறமி கூடிக் கருமை படியும். தாடைக்குக் கீழே, கழுத்தில் கருப்பாக இருக்கிறதே, அழுக்கோ என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது பெரும்பாலும் சவரம் விட்டுச் சென்ற தடம். மறைய மாதக்கணக்கில் ஆகும். தேய்க்கத் தேய்க்க இன்னும் கூடும்.

ஆகவே பின்னால் எதைப் பூசுவது என்பதைவிட முன்னால் என்ன செய்கிறோம் என்பதுதான் பெரிது. முன்னால் வேண்டியது மூன்று நிமிட ஈரம். காய்ந்த தாடி முடி முரடு. தண்ணீரில் ஊறினால் உப்பி மெத்தென்று ஆகிவிடும், வெட்டப் பாதி பலம் போதும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, அதனால் முதலில் ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவுங்கள். குளித்த பிறகு சவரம் செய்தால் இந்த வேலை தானாகவே முடிந்துவிடுகிறது. நம்மில் பலர் சவரத்தை முடித்துவிட்டுக் குளிக்கப் போகிறோம். இந்த வரிசையை மாற்றிப் பாருங்கள், காசு செலவில்லை.

அடுத்தது நுரை. டப்பாவை அழுத்தியதும் வருகிற ஃபோம் பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும், அதில் பெரும்பகுதி காற்று. பூசிய உடனே வழித்துவிடுகிறோம், முடி ஊற நேரமே இல்லை. ஃபோம்தான் பிடிக்கும் என்றால் பூசிவிட்டு இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். டியூபில் வரும் கிரீமும் பிரஷ்ஷும் இன்னும் நல்லது. பிரஷ்ஷை நனைத்து, உதறி, பாதாம் பருப்பளவு கிரீம் வைத்து, ஒரு நிமிடம் வட்டமாகச் சுற்றுங்கள். நுரை தயிர் மாதிரி வழவழவென்று நிற்க வேண்டும். குமிழி குமிழியாக இருந்தால் தண்ணீர் அதிகம், முகத்திலேயே காய்ந்து இறுகினால் தண்ணீர் போதவில்லை.

எவ்வளவு சுற்றியும் நுரை வரவில்லையா? கிரீமைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். போர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படியும். வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குளிக்கிற சோப்பைக் கன்னத்தில் தேய்த்துச் சவரம் செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நுரை சீக்கிரம் காய்ந்துவிடும், பிளேடு வழுக்காது. தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு செய்கிறவர்களும் உண்டு. மூன்று நான்கு சொட்டுக்கு மேல் போனால் இரட்டை, மூன்றடுக்கு ரேசரின் இடுக்கில் முடியும் எண்ணெயும் அடைத்துக்கொள்ளும். பரு வருகிற முகத்துக்கு அந்த எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

இப்போது சலூனுக்கு வருகிறேன். முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சி, பிரஷ்ஷால் நுரைத்து, ஒரு தரம் வழித்துவிட்டு, மறுபடியும் நுரைத்து வழிக்கிறார்களே, அதில் நான் சொன்ன மூன்று நிமிடம் அப்படியே இருக்கிறது. கை தேர்ந்த தொழிலாளியின் பொறுமை அது. பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைக் கத்தியில் மாட்டுவார்கள். அதை உங்கள் கண்முன்னே மாட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

சவரம் முடிந்ததும் வருவது படிகாரக் கல். பளிங்கு மாதிரி, ஓரங்கள் கரைந்து மழுங்கி, ஈரத்தோடு கண்ணாடி முன்னால் கிடக்கும். படிகாரம் நல்ல பொருள்தான். தோலைச் சுருக்கும், சிறு வெட்டில் வரும் ரத்தத்தை நிறுத்தும். இன்னொன்றையும் செய்யும்: எந்த இடத்தில் எரிகிறதோ அந்த இடத்தில் கத்தி சுரண்டியிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். நாளைக்கு அந்த இடத்தில் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பாருங்கள், மறுபடியும் அதே விஷயம்தான், எரிச்சல் என்பது சேதி, சிகிச்சை அல்ல.

ஆனால் ஒரே கல்லைப் பத்துப் பேர் முகத்தில் தேய்ப்பது ஆபத்து. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். மரு உண்டாக்கும் வைரஸும் பொதுக் கருவிகள் வழியாகப் பரவும். ஒருவர் கன்னத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மரு வருவது சவரக் கோட்டின் வழியாகத்தான். வீட்டில் சொந்தமாக ஒரு கல் வைத்துக்கொள்ளுங்கள். ஈர முகத்தில் மெதுவாகத் தடவி, ஒரு நிமிடத்தில் கழுவிவிட்டு, கல்லையும் கழுவி உலர வையுங்கள். முகத்தைக் கழுவாமல் விட்டால் தோல் வறண்டு இழுக்கும்.

பின்னால் பூசுவதைத் தேர்ந்தெடுக்கப் பாட்டிலின் பின்புறம் படியுங்கள். பொருட்களைப் பெரும்பாலும் அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் ஆல்கஹால் இருந்தால் அது வாசனைத் திரவியம், அதைச் சட்டையில் அடித்துக்கொள்ளலாம். கிளிசரின், பாந்தெனால், அலன்டாயின், நியாசினமைடு என்ற பெயர்கள் தென்பட்டால் வாங்கலாம். வாசனை இல்லாததாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் ஒற்றி, லேசான ஈரம் இருக்கும்போதே பட்டாணி அளவு பூசுங்கள். சென்னை மாதிரி வேர்க்கிற ஊருக்கு ஜெல், ஊட்டி மாதிரி இடத்துக்கு கிரீம். வீட்டுக் கற்றாழையை வெட்டினால், மஞ்சள் பால் வடியும்வரை கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, சோற்றைக் கழுவிப் பூசுங்கள். அரிப்பது அந்தப் பால்தான். எலுமிச்சைச் சாறு மட்டும் கூடாது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும்.

சுருட்டை முடிக்காரர்களுக்குக் கழுத்தில் கொப்புளம் வரும். முடி வளைந்து மறுபடியும் தோலுக்குள்ளேயே குத்துவதால் வருவது அது. இதற்கு விரிவாக நேரம் ஒதுக்க நினைத்திருந்தேன், ஆனால் மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்: தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள், முடி வளரும் திசையிலேயே வழியுங்கள், பல அடுக்கு ரேசரை விட்டு ஒற்றை பிளேடுக்கு மாறுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். சாலிசிலிக் அமிலம் கலந்த கிரீம் உதவும், ஆனால் சவரம் செய்யாத நாள் இரவில் மட்டும்.

கடைசியாக ஒன்று. கழுத்துக் கருமைக்கு, சிவப்பாக்கும் கிரீம் என்று மருந்துக் கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு போங்கள். வெயிலில் இறங்குமுன் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், கழுத்துக்கும் சேர்த்து.

நன்றி, வணக்கம்.