சுழலும் பொறுப்பே!

(தலைப்பு: மாற்றுப் பள்ளியில் மாணவர் சமூகத்தைக் கட்டி நிறுத்துவது தேர்ந்தெடுத்த தலைவரா, சுழலும் பொறுப்பா?)

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம்.

"நல்ல தலைவர் ஒருவர் அமைந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்றார் எதிரணித் தலைவர். அந்த நல்லவர் படிப்பு முடித்துப் போன மறுநாள் என்ன நடக்கும்? அதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாரே!

இங்கிலாந்தின் சம்மர்ஹில் பள்ளி 1921-இல் தொடங்கியது. அங்கே பள்ளிக் கூட்டத்தில் சிறுவருக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. பாடத்துக்கு வருவது மாணவர் விருப்பம் என்ற கொள்கையை அரசு ஆய்வாளர்கள் எதிர்க்க, 2000-இல் வழக்கு லண்டனுக்குப் போனது. சமரசம் முன்வைக்கப்பட்டது. மாணவர்கள் நீதிமன்ற அறையிலேயே கூட்டம் போட்டார்கள், விவாதித்தார்கள், ஓட்டெடுத்து ஏற்றார்கள்! நடுவர் அவர்களே, பள்ளியில் கூடிக் கூடிப் பழகிய கைகள் அவை.

அந்தப் பழக்கம் எப்படி வரும்? நேரம் பார்க்க ஒருவர், குறிப்பெழுத ஒருவர், தலைமை தாங்க ஒருவர். மூவரையும் ஒரே நாளில் மாற்றினால் கூட்டம் குலைந்துவிடும். மாதம் ஒருவர் மட்டும் புதிதாக வரட்டும்: முதல் மாதம் கடிகாரம், இரண்டாம் மாதம் குறிப்பேடு, மூன்றாம் மாதம் தலைமை. பேசவேண்டியதை முந்தைய நாளே பலகையில் எழுதிவிட வேண்டும். இதுவரை வாய் திறக்காத பிள்ளை கை தூக்கினால் அவருக்கே முதலிடம். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் குறிப்பேட்டில் இல்லையென்றால் அது தீர்மானமே இல்லை.

"சுழற்சி தோற்ற இடங்கள் உண்டே" என்றார்கள். உண்டு! நூலகப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு அலமாரிச் சாவியையும் புத்தகப் பணத்தையும் பெரியவர்களே வைத்துக்கொண்டால் தோற்கத்தான் செய்யும். ஆசிரியர் முதலில் கருத்துச் சொன்னாலும் விவாதம் அங்கேயே படுத்துவிடும். அவர் கடைசியில் பேசட்டும். தீ, மருந்து போன்ற பாதுகாப்பு விஷயங்கள் ஓட்டுக்கு வராது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஓட்டெடுத்த பிறகு மறுத்தால், அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகள் உடம்பால் மட்டுமே வருவார்கள். அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியில், எந்தப் பணியாளர் அடுத்த ஆண்டு தொடர்வார் என்பதைக்கூட மாணவர்களும் சேர்ந்தே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். கொடுத்தால் முழுதாகக் கொடுக்க வேண்டும்!

நான் சொன்ன முறையில் பத்து மாதத்தில் பத்துப் பேர் தலைமை நாற்காலியில் அமர்ந்து எழுந்திருப்பார்கள். எதிரணியினரே, உங்கள் தலைவர் இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்தால், கூட்டம் நடத்தத் தெரிந்தவர் உங்களிடம் எத்தனை பேர்?