இது எந்த ஊருக் கொட்டைங்க?

(கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் காப்பிக்கொட்டை வறுத்து அரைச்சுக் குடுக்கறவன், மேடைப் பேச்சு பழக்கமில்லை. கல்லாவுல உக்காந்து பேசற மாதிரியே பேசிட்டுப் போறேன்.

கொஞ்ச வருசத்துக்கு முன்னால கடைக்கு ஒரு பெரியவர் வந்தாருங்க. மஞ்சள் வெவசாயி. கால் கிலோ தூள் அரைச்சுட்டு இருக்கறப்ப, "ஏனுங் தம்பி, இது எந்த ஊருக் கொட்டை?"ன்னார். "ஏ கிரேடுங்க"ன்னேன். "கிரேடு கெடக்குது, ஊரு?" எங்கிட்டப் பதில் இல்லீங்க.

வெண்ணெய்னா ஊத்துக்குளி, நாட்டுச்சக்கரைன்னா கவுந்தப்பாடி, ஜமக்காளம்னா பவானி, மாடுன்னா காங்கயம். எதை வாங்குனாலும் ஊரைக் கேக்கறவங்க நாம. காப்பிக்கு மட்டும் கேக்கறதில்லை. தப்பு நம்ம மேல மட்டும் இல்லீங்க. 1942-ல காப்பிச் சட்டம் வந்துச்சு. தோட்டத்துல வெளைஞ்சதைக் காப்பி வாரியத்தோட பொதுக் கிடங்குக்குத்தான் குடுக்கணும்னு ஆச்சு. அங்க எல்லா மலைக் கொட்டையும் ஒண்ணாக் கலந்து, ரகம் பிரிச்சு, ஏலத்துக்குப் போகும். 1990கள்ல அந்தக் கட்டுப்பாடு தளர்ற வரைக்கும் அரை நூத்தாண்டு இதே கதை. வெலை காப்பாத்தத்தான் அப்படிப் பண்ணுனாங்க, குத்தம் சொல்லலை. ஆனா மலையோட பேரு மூட்டைக்குள்ளயே தொலைஞ்சு போச்சு.

பெரியவர் கேட்ட கேள்வி உறுத்த, சேலத்துக்குப் பஸ் ஏறி சேர்வராயன் மலைக்குப் போனேன். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் அங்க காப்பி கொண்டு வந்தவர்னு சொல்வாங்க. அந்த மலையில இருக்கற ஏற்காடு கடல்மட்டத்துக்கு மேல சுமார் 1,500 மீட்டர். ராத்திரிக் குளுருக்குப் பழம் மெதுவாத்தான் பழுக்கும், அதனால கொட்டை கெட்டியா இருக்கும். சில்வர் ஓக் மரத்து மேல மொளகுக் கொடி, அதுக்கு அடியில அராபிகாங்கற ரகக் காப்பிச் செடி. நெழலைக் குறைச்சா தண்டுத் துளைப்பான் வண்டு வந்து செடியவே கொன்னுரும்.

கோடையில ஒரு மழை பெய்யணுமுங்க, பூமழைம்பாங்க. பெஞ்சு பத்து நாள்ல மலை பூராவும் வெள்ளையாப் பூக்கும், மல்லிகை வாசம். மூணு நாலு நாள்ல வாடிரும். அந்த மழை தவறுனா அந்த வருச வெள்ளாமை போச்சு. பூத்து எட்டு ஒம்பது மாசம் கழிச்சு, பழுத்ததை மட்டும் பாத்துப் பாத்துக் கையால பறிக்கணும். ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை தேறும். தோல் உரிச்சு, ஊறவெச்சுக் கழுவி, களத்துல காய வெக்கறாங்க. நாம மஞ்சள் வேகவெச்சுக் காயப் போடறோமே, அந்தப் பக்குவம்தான்.

2019-ல ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊருச் சரக்குன்னு சொல்ற சான்று, கெடைச்சுது. அதே வருசம் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுடன்கிரின்னு அஞ்சு காப்பிக்கும் கெடைச்சுது. அந்த அஞ்சுல நம்ம சேர்வராயனும் இல்லை, வால்பாறையும் இல்லை.

வறுக்கறவன் பண்ற பாவத்தையும் சொல்லிடறேன். கருக்க வறுத்துட்டா எல்லா மலையும் ஒண்ணுதான், கரி ருசிதான் நிக்கும். அதோட சிக்கரி. நூத்துக்கு 49 வரைக்கும் சட்டமே விடுது. நானும் கலந்து வித்தவன்தானுங்க, இன்னைக்கும் கேக்கறவங்களுக்குக் கலந்து குடுக்கறேன். கெட்டிப் பாலுக்கு அது எடுப்பாத்தான் இருக்கும்.

அராபிகா பொறந்தது எத்தியோப்பியாவுல. அங்க விருந்தாளி முன்னாலயே வீட்டம்மா பச்சைக் கொட்டையை வறுத்து, புகையை ஒவ்வொருத்தர் மூக்குக்கும் காட்டுவாங்களாம். உரல்ல இடிச்சு, ஜெபெனாங்கற மண் கூஜாவுல காய்ச்சுவாங்க. ஒரே தூள்ல மூணு சுத்து: அபோல், தோனா, பரக்கா. பரக்கான்னா ஆசீர்வாதம். அதைக் குடிக்காம எந்திரிக்கறது மரியாதை இல்லை. நம்மூட்ல சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்காமப் போனா எப்படியோ, அப்படி.

நமக்கும் ஒரு மொறை இருந்துச்சுங்க. கறந்த பாலு சொசைட்டிக்குப் போகும், வீட்டுக்கு வரக்காப்பி. எங்க அம்மிச்சி விடிகாலையில அதைக் குடிச்சுட்டுத்தான் காட்டுக்குப் போவாங்க. வரக்காப்பின்னா ஏழைக் காப்பின்னு பின்னால வெக்கப்பட்டோம். இன்னைக்கு டவுன்ல ஒரே மலைக் காப்பின்னு போர்டு போட்டு, பாலில்லாம, சின்னக் கப்புல நூத்துக்கணக்குல காசு வாங்கறானுங்க. மலையோட ருசி தெரியணும்னா பால் இல்லாமக் குடிக்கறதுதான் வழி. அம்மிச்சி டம்ளர்ல கொட்டை எந்த மலைதோ, குடிச்ச விதம் சரிதான்.

திரும்பி வந்ததும் சேர்வராயன் கொட்டையைத் தனியா, இளசா வறுத்து, அந்தப் பெரியவரை வரச்சொல்லி ஒரு டம்ளர் வரக்காப்பி குடுத்தேன். "ஏற்காட்டுதுங்க"ன்னேன். மெதுவாக் குடிச்சார். கடைசி வாய்க்கு முன்னால டம்ளரை நீட்டி, "நல்லாத்தான் இருக்குது தம்பி... கவுந்தப்பாடிச் சக்கரை ஒரு ஸ்பூன் போடு"ன்னார்.