சணல் நூலுக்குச் சாயம் போடறதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கங்க. நான் சேலம் அம்மாபேட்டைக்காரன், முப்பது வருசமா சாயப்பட்டறையில நிக்கிறவன், காட்டன், பட்டுன்னு நம்மூரு நூலெல்லாம் இந்தக் கை வழியாத்தான் போயிருக்கு. ஆனா இன்னிக்குச் சணல் நூலைப் பத்திப் பேசணும்னு வந்திருக்கேன், ஏன்னா 2019-ல பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு கலர் சணல் வேணும்னு கேக்கறவங்க ஜாஸ்தி, அதைக் காட்டன் மாதிரியே நினைச்சுக்கறவங்களும் ஜாஸ்தி.

நானும் அப்படித்தாங்க நினைச்சேன். முதல் லாட் வந்ததும் சிட்டத்தை, அதாவது நூல் கட்டை, தண்ணியில நனைச்சு நேரா மெரூன் தொட்டியில இறக்கிட்டேன், வெளிய எடுத்துப் பாத்தா மாட்டுத்தோல் மாதிரி திட்டு திட்டா நிக்குது, வயித்தெரிச்சல்! அப்புறந்தான் புரிஞ்சது, சணல் நார் விறைப்பா இருக்கும், நூக்கறப்ப ஒடியாம இருக்கணும்னு மில்லுல எண்ணெயும் தண்ணியும் கலந்து தெளிச்சிருவாங்க, சிட்டத்தை அவுத்தா குப்புனு ஒரு வாடை வருமே, அதேதான். அந்த எண்ணெய் இருக்கற இடத்துல சாயம் உள்ள போகாது. அதனால முதல்ல சோப்பு ஆயிலும் சலவை சோடாவும் போட்டுச் சுடுதண்ணியில நல்லா அலசணும், காய்ஞ்ச பிறகு ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, முத்து மாதிரி நின்னா எண்ணெய் இன்னும் இருக்கு, சட்டுனு இறங்கினா சரி.

அதுக்காகக் காட்டனைக் காஸ்டிக் சோடாவுல கொதிக்க விடறாப்ல விட்டுறாதீங்க. காட்டன் கிட்டத்தட்ட முழுசும் செல்லுலோஸ், சணல்ல அது சுமார் 60 சதவீதம்தான், மிச்சம் ஹெமிசெல்லுலோஸ், லிக்னின்னு வேற சரக்கு, காஸ்டிக் கூடினா ஹெமிசெல்லுலோஸ் கரைஞ்சு எடை கொறையும், நூல் சுருங்கிக் கம்பளி மாதிரி ஆயிரும்.

இந்த லிக்னினாலதான் பேசிக் டைங்கற சாய வகை சணல்ல டக்குனு புடிச்சுக்கும், மெஜந்தாவும் வயலெட்டும் அப்படிப் பளிச்சுனு ஏறும், பாக்கவே ஆசையா இருக்கும், ஆனா வெயில்ல நிக்காதுங்க. அது போக, லிக்னின் வெயில் பட்டா தானா மஞ்சளாகும், பெராக்சைடு போட்டு வெளுத்த நூலும் தப்பாது, வெளிர் ரோஸ் கேட்டீங்கன்னா அந்த மஞ்சள் அடியில இருந்து எட்டிப் பாக்கும். வெளியில பொழங்கற சாமானுக்கு ரியாக்டிவ் சாயத்துல அடர்த்தியான ஷேடா கேளுங்க, விலை கொஞ்சம் கூடத்தான்.

நான் இப்ப ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடி சாம்பிள் நூலுல பாதிய அட்டையால மூடி மொட்டை மாடி வெயில்ல ஒரு வாரம் போட்டுருவேன், அப்புறம் அட்டையை எடுத்துட்டு ரெண்டு பாதியையும் பார்ட்டி கையில குடுத்து, எந்தக் கலர் வேணும்னு இப்ப சொல்லுங்கம்பேன்.