லியோனில் அண்ணாந்து பார்த்த ஒரு நாள் | பட்டு நெய்த பிரெஞ்சு ஊர் வ்லாக்

வணக்கம் மக்களே! குரல் கேட்கிறதா? காற்று பலமாக அடிக்கிறது, மைக்கை மஃப்ளருக்குள் செருகி வைத்திருக்கிறேன். இன்றைக்கு லியோன். பாரிஸிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம்.

இப்போது நிற்பது பெல்கூர் சதுக்கம். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். தரை முழுக்கச் செம்மண் நிறம், நடுவில் குதிரை மேல் 14ஆம் லூயி. இந்த ஊர்க்காரர்கள் எங்கே சந்திக்கலாம் என்று கேட்டால் "குதிரை வாலுக்குக் கீழே" என்பார்கள். மேலே உட்கார்ந்திருக்கும் ராஜாவை யாரும் அடையாளம் சொல்வதில்லை. எனக்கு ஊர் அப்போதே பிடித்துப் போயிற்று.

அதோ தெரிகிறதா, எதிரே மலை மேல் வெள்ளையாக ஒரு தேவாலயம்? அது ஃபூர்வியேர். இந்தப் பக்கம் இன்னொரு மலை, க்ருவா-ரூஸ். முன்னதை ஜெபிக்கும் மலை என்றும் பின்னதை உழைக்கும் மலை என்றும் சொல்கிறார்கள். நான் வந்தது உழைக்கும் மலைக்காகத்தான். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். ஆனால் ஃபூர்வியேரைக் காட்டாமல் போனால் கமெண்டில் திட்டுவீர்கள், அதனால் முதலில் அங்கே.

ஏறியாயிற்று. நடக்கவில்லை, மலை ரயில். மெட்ரோ டிக்கெட்டே இதற்கும் செல்லும். 1870களில் கட்ட ஆரம்பித்த கோயில் இது. நான்கு மூலையிலும் நான்கு கோபுரம் நீட்டிக்கொண்டு நிற்பதால் ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் "மல்லாந்த யானை". ஒருமுறை கேட்டுவிட்டால் அதற்கப்புறம் யானையின் கால்கள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே சுவரெல்லாம் மொசைக், தங்கம் தங்கமாக. எனக்குக் கொஞ்சம் திகட்டியது, உண்மையைச் சொல்கிறேன்.

பக்கத்துச் சரிவில் இருக்கும் ரோமானிய அரங்கம்தான் எனக்கு மனசுக்கு நெருக்கம். கி.மு. 43இல் லுக்டூனம் என்ற பெயரில் ரோமானியர்கள் உண்டாக்கிய ஊர் இது. கிளாடியஸ் பேரரசர் பிறந்ததே இங்கேதான். கிட்டத்தட்ட 10,000 பேர் உட்காரக்கூடிய கல்படிகள். டிக்கெட் கிடையாது. ஒரு அம்மா நடுப்படியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார், இரண்டாயிரம் வருஷத்துக் கல் மேல். கோடையில் இங்கே கச்சேரியும் நாடகமும் நடக்கின்றன.

சரி, கீழே இறங்கிவிட்டேன். இது பழைய லியோன், சோன் ஆற்றங்கரை. இந்தத் தெருக்கள் எல்லாம் ஆற்றுக்கு இணையாக ஓடுகின்றன, குறுக்குச் சந்து மிகக் குறைவு. பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டுமென்றால் வீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும்! அதற்குப் பெயர் த்ராபூல். சான்-ஜான் தெரு 54ஆம் எண் கதவு இதோ. வீட்டு வாசல் மாதிரிதானே இருக்கிறது? தள்ளுகிறேன்... திறந்துவிட்டது. ஒரு இருட்டு நடை, ஒரு முற்றம், சுழல் படிக்கட்டு, மறுபடி நடை, மறுபடி முற்றம். வெளியே வந்தால் வேறு தெரு. பழைய லியோனில் நீளமான த்ராபூல் இதுதான்.

இதற்கு முன்னால் வேறொரு கதவில் நின்று நான் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் உதட்டில் விரல் வைத்தார். நியாயம்தான். மேலே மக்கள் குடியிருக்கிறார்கள். நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, நாம் பார்ப்பதற்காகப் பகலில் கதவைத் திறந்து வைக்கிறார்கள். ஆகவே நீங்கள் வந்தால் மெதுவாகப் பேசுங்கள், என்னை மாதிரி செய்யாதீர்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை இந்த ஊரைப் பிடித்திருந்தபோது எதிர்ப்பு இயக்கத்தாருக்கு இந்த நடைகள் பெரிய உதவி. ஒரு கதவில் நுழைந்தவர் எந்தக் கதவில் வெளியே வருவார் என்று வெளியூர்ச் சிப்பாய்க்கு எப்படித் தெரியும்?

இப்போது உழைக்கும் மலை. மெட்ரோ சி வண்டியில் வந்தேன். ஏற்றம் அவ்வளவு செங்குத்து என்பதால் பல்சக்கரம் வைத்து ஓடும் மெட்ரோ இது.

மக்களே, இங்கே எல்லோரும் கடையைப் பார்ப்பார்கள், நீங்கள் ஜன்னலைப் பாருங்கள். எவ்வளவு உயரம்! உள்ளே கூரை 4 மீட்டர். பணக்காரர் வீடு என்று நினைத்தீர்களா? இல்லை, நெசவாளிகள் வீடு. இங்கே அவர்களைக் கனூ என்பார்கள். கூரை உயர்ந்தது மனிதருக்காக அல்ல, தறிக்காக. தறிக்கு மேல் பூ வேலைக்கான ஜக்கார் இயந்திரம் ஏறியதும் பழைய வீடுகளில் அது நுழையவில்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டில் இந்த மலை மேல் தறியின் அளவுக்கு வீடு கட்டினார்கள். குடும்பம் எங்கே தூங்கும்? அறையின் ஒரு மூலையில் பரண் மாதிரி பலகை அடித்து, அதன் மேல்.

நான் வந்த காரணம் இதுதான். என் தாத்தா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்தவர். தறிக்கு மேலே ஒரு பெட்டி, அதிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள். "ஜக்கார்டு" என்பார் தாத்தா. ஏதோ கம்பெனியின் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு ஆளின் பெயர், அதுவும் இந்த ஊர் ஆள்! ஜோசஃப் மரி ஜக்கார், 1752இல் பிறந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவதால் இங்கே "டு" கிடையாது. சதுக்கத்தில் சிலையாக நிற்கிறார், வணக்கம் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது கனூக்களின் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறேன். கைத்தறியை ஓட்டியே காட்டினார்கள். ஒரு அட்டைக்கு ஒரு ஊடை, அதாவது ஒரு குறுக்கு இழை. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதன் கொக்கி பாவு இழையை, அதாவது நெடுக்கு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், இழை கீழேயே கிடக்கும். ஊடை இழையோடு நாடா குறுக்கே பாயும், அடுத்த அட்டை வரும். அவ்வளவுதான். இதற்கு முன்னால் பூ விழ வேண்டுமென்றால் பக்கத்தில் ஒருவர், பல சமயம் சிறு பிள்ளை, நாள் முழுக்கக் கயிறு இழுக்க வேண்டும். ஜக்காருக்கு முன்பே இந்த ஊரில் பூஷோன், ஃபால்கோன் என்று சிலர் ஓட்டைத் தாளையும் அட்டையையும் முயன்றிருக்கிறார்கள். 1804 வாக்கில் அவற்றையெல்லாம் சேர்த்து ஓடவைத்தவர் இவர். பின்னால் இவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள், அதற்கு 24,000 அட்டை! கம்ப்யூட்டருக்கு முன்னோடி என்று பேசப்படும் சார்லஸ் பாபேஜிடம் அந்தப் படம் ஒன்று இருந்தது.

தறி ஓடும் சத்தத்தை இவர்கள் "பிஸ்தான்க்ளாக்" என்கிறார்கள். தறிக்கே அதுதான் செல்லப்பெயர். எங்கள் வீட்டில் "லொட்டு லொடக்கு". நீங்களே கேளுங்கள், பத்து நொடி நான் பேசவில்லை.

...

கேட்டீர்களா? ஒரு விஷயம் மட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் தறிக்குக் குழி வெட்டிக் காலைத் தொங்கவிட்டு உட்காருவோம். இங்கே தரையைத் தோண்டாமல் கூரையைத் தூக்கியிருக்கிறார்கள்.

ஆனால் வியாபார முறை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். பட்டு நூல் வியாபாரியுடையது, தறி நெசவாளியுடையது, கூலி நெய்த அளவுக்கு. தாத்தாவுக்குச் சொன்னால் "இதைத் தெரிந்துகொள்ள பிரான்ஸ் போகணுமா" என்றிருப்பார். 1831இல் இங்கே இரண்டு தரப்பும் குறைந்தபட்சக் கூலி ஒன்றைப் பேசி முடித்தார்கள். வியாபாரிகளில் பலர் அதைக் கொடுக்க மறுத்தார்கள். நவம்பர் மாதம் கனூக்கள் இந்த மலையிலிருந்து கறுப்புக் கொடியோடு இறங்கினார்கள். "உழைத்து வாழ்வோம், இல்லை போராடிச் சாவோம்" என்பது அவர்கள் முழக்கம். சில நாள் ஊரே அவர்கள் கையில். அப்புறம் பெரும் படை வந்தது, கூலி ஒப்பந்தமும் ரத்தானது. 1834இல் மறுபடி எழுந்தார்கள், அது ரத்தக்களரியாக முடிந்தது. இதோ இந்த ஆறு மாடிப் படிக்கட்டு, வொராஸ் முற்றம். இதுவும் ஒரு த்ராபூல்தான், நெசவாளிகள் சங்கம் கூடிய இடம். கேமராவில் இதன் உயரம் பிடிபடவில்லை, அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

லூமியேர் சகோதரர்கள் 1895இல் படம் பிடித்த தொழிற்சாலை வாசலும் இந்த ஊரில்தான் இருக்கிறது. அந்தத் தெருவின் பெயரே "முதல் படத் தெரு". அதற்கு நாளைக்கு ஒரு தனி வீடியோ, இன்றைக்குக் காலில் தெம்பில்லை.

பசி. இங்கே பூஷோன் என்று பெயர் போட்ட பழைய பாணிச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய, ஆனால் பாதிக்கு மேல் குடல், ஈரல் வகை. எனக்குச் சைவம். மெனுவில் ஒரே ஒரு ஐட்டம் சிக்கியது, அதன் பெயர் "கனூவின் மூளை"! பயப்படாதீர்கள், பால்கட்டி. மூளைக்கறி வாங்க வசதியில்லாத நெசவாளிகள் இதைச் சாப்பிட்டதால் வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. வந்துவிட்டது, பாருங்கள். கெட்டித் தயிர் மாதிரி இருக்கிறது, மேலே பொடியாகப் பச்சை இலை, உள்ளே பூண்டு, சின்ன வெங்காயம் மாதிரி ஒன்று, கொஞ்சம் வினிகர். ம்ம்... அட, பச்சடி! பூண்டு மட்டும் தூக்கல். ரொட்டி சூடாக இருக்கிறது, கேமராவை அணைக்கிறேன், நாளைக்குப் பார்க்கலாம்.